டிரைவரை உள்ளே விடலாமா

எங்கள் கூட்டத்துக்குச் சட்டம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கடைசி ஆள் பார்த்து முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஆற விடறது’. சூளையை விட்டு வெளியே வந்த பீங்கானைச் சூட்டோடு பிடித்தால் நம் கையும் வெந்துபோகும், சாமானும் விரிசல் விட்டுப்போகும். ஆறிய பிறகுதான் எடுத்துத் தட்டிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரிப்போம். தொடரும் எங்களுக்கு அப்படித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது எபிசோடு போனில் வந்துவிடும். ஒருத்தருக்கு அன்றைக்கு ஷிப்டு, இன்னொருத்தருக்கு மறுநாள் முழுக்க பஸ் டூட்டி. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு திரிவோம்.

தொடர் என்றதும் மாமியார் மருமகள் கதை என்று நினைத்துவிட வேண்டாம். இது விண்வெளிக் கப்பல் தொடர். நான் கல்யாணமாகி விருத்தாசலம் வந்த புதிதில் டிவியில் ஞாயிறுதோறும் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. ஓர் ஊரையே ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவில் போகிறது. அவர்கள் விட்டு வந்த பூமி பாழாகிவிட்டது. இறங்குவதற்கு ஓர் இடம் தேடுகிறார்கள். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டிவியில் நின்று, மறுபடி தொடங்கி, ஆட்கள் மாறி, இப்போது போனுக்கு வந்துவிட்டது. “நம்ம ஊரு ரோடு வேல மாதிரிக்கா, முடிஞ்சிட்டா அவங்களுக்கு வேற வேல இல்ல” என்பார் எங்கள் கண்டக்டர்.

கப்பலில் இருக்கிறவர்களின் பெயர்கள் எங்கள் நாக்கில் நிற்காது. அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கேப்டன் ஒரு பெண். அவள் ‘மேஸ்திரி அம்மா’. வைத்தியம் பார்க்கிறவள் ‘டாக்டரம்மா’. கப்பலை ஓட்டுகிறவன் ‘டிரைவரு’. இந்த டிரைவருக்கும் டாக்டரம்மாவுக்கும் பழைய சீசன் ஒன்றில் கல்யாணம் ஆனது. அதற்கு அடுத்த சீசனில், கப்பலைக் காப்பாற்றுவதற்காக ஒரு குட்டிப் படகை ஓட்டிக்கொண்டு கருப்பு மேகம் ஒன்றுக்குள் போனவன் திரும்பி வரவில்லை. அன்றைக்கு எங்கள் பீங்கான் யூனிட்டில் மத்தியானச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. வெளியாள் யாராவது பார்த்திருந்தால் சொந்தத்தில் சாவு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கூட்டம் என்று சொன்னாலும் நாங்கள் ஐந்து பேர்தான். நான் பொம்மைக்குப் பினிஷிங் செய்கிறவள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில் ஒட்டுத் தெரிகிற இடத்தைச் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்துவிடுவது என் வேலை. எனக்கு எதிர்ப் பலகையில் அதே வேலையைச் செய்கிறவள் ஒரு பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். நான் தங்கச்சி என்பேன். அவளுடைய வீட்டுக்காரர் அதே யூனிட்டில் அச்சு செய்கிறவர். நாலாவது ஆள் சூளை அண்ணன். சாமான் ஏற்றிய டிராலியை ஒரு பக்கம் உள்ளே தள்ளி மறுபக்கம் வெளியே இழுக்கிற நீளச் சூளை அவர் பொறுப்பில் இருந்தது. அந்தச் சூளைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பொங்கல் தீபாவளி கிடையாது. அதனால்தான் எங்கள் கூட்டமும் அங்கேயே, சாமான் பிரிக்கிற பெஞ்சைச் சுற்றி நடக்கும். ஐந்தாவது ஆள் பெண்ணாடம் தடத்தில் ஓடும் பஸ் கண்டக்டர். யூனிட்டுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என்றைக்கோ பஸ்ஸில் நாங்கள் டிரைவரைப் பற்றிச் சண்டை போட்டதைக் கேட்டு, டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு நடுவில் புகுந்தவர் அப்படியே ஒட்டிக்கொண்டார்.

ஒவ்வொருத்தருக்கும் சொந்தமாக ஒரு கோப்பை. எல்லாமே செகண்ட்ஸ், அதாவது தேறாத சாமான். என் கோப்பையின் அடி கோணல். சூளை அண்ணன் கோப்பையில் வர்ணம் ஓடி வழிந்திருக்கும். பிரிக்கிற பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு: தட்டிப் பார்த்து கணீரென்று சத்தம் வந்தால் நிமிர்த்தி வைப்போம், மொத்தென்று வந்தால் கவிழ்த்து வைப்போம். கவிழ்ந்தது எல்லாம் சாயங்காலம் பின்னாலிருக்கிற உடைசல் மேட்டுக்குப் போய்விடும். எங்கள் வாதம் முற்றி முடிவுக்கு வராதபோது ஓட்டும் அப்படித்தான். டீயைக் குடித்து முடித்து, சரி என்றால் கோப்பையை நிமிர்த்தி வைக்க வேண்டும், இல்லை என்றால் கவிழ்க்க வேண்டும். டீ இருக்கிற கோப்பைக்கு ஓட்டு இல்லை.

போன மழைக்காலத்தில் அச்சுக்காரர் கருவேப்பிலங்குறிச்சி போய்விட்டு வரும் வழியில் வண்டியோடு விழுந்தார். தலையில் அடி. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்தோம். கண் விழித்த பிறகு கருவேப்பிலங்குறிச்சியில் அவருடைய அண்ணன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தங்கச்சி அவரை விருத்தாசலத்துக்கே அழைத்து வந்துவிட்டாள். யூனிட்டில் கேட்டவர்களிடம் எல்லாம், “நல்லா இருக்காரு, நடக்கறாரு, கொஞ்ச நாளு ஓய்வு” என்று சொல்லி வைத்திருந்தாள். அது பொய்யில்லை. நடந்தார், சாப்பிட்டார், தெளிவாகப் பேசினார். விழுவதற்கு முந்தியது மட்டும் எதுவுமே நினைவில் இல்லை. அம்மா முகம் தெரியவில்லை. இவள் முகமும் தெரியவில்லை.

நான் அடுத்த தெருவில் இருப்பதால் எனக்கு மட்டும் தெரியும். முதல்முதலாகப் பார்க்கப் போனபோது வாசற்படியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் உள்ள போனா எழுந்து நிக்கறாருக்கா.”

“யாரு?”

“இவருதான். சோறு எடுத்துட்டுப் போனா எழுந்து நிக்கறாரு. ‘வாங்க, உக்காருங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம்’ங்கறாரு. ஏ புள்ள, ஏ புள்ளன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கூப்புட்ட மனுஷன்.”

உள்ளே போனேன். அவர் எழுந்து நின்றார். “வாங்கம்மா” என்றார். என் சாப்பாட்டு டப்பாவில் கேட்காமலே கைவிட்டு வடகம் எடுத்துத் தின்கிற ஆள்.

கையில் தொழில் நினைவிருக்கும் என்று யாரோ சொன்னார்கள் என்று அவள் அச்சு செய்கிற பிளாஸ்டர் மாவும் தண்ணீரும் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் கலக்கிவிட்டு, கட்டி கட்டியாய் நின்றுபோனதைப் பார்த்து, “இத நான் கெடுத்துட்டன் போலிருக்குதுங்க” என்றாராம். அதற்குப் பிறகு அவள் அந்த வேலையில் இறங்கவில்லை. பகலில் பொழுது போகட்டும் என்று எங்கள் தொடரை முதல் எபிசோடிலிருந்து போட்டுவிட்டு வேலைக்கு வந்துவிடுவாள்.

“கூட்டத்துல சொல்லிடாதீங்கக்கா” என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். “எங்க போனாலும் உச்சு கொட்டறாங்க. அங்க ஒரு எடத்துலதான் நான் சொல்றது தப்புன்னு என்ன திட்டறாங்க.”

அவளுடைய அண்ணன் கம்மாபுரத்துக்காரர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய், வீடு போய், இப்போது வேறு இடத்தில் இருக்கிறார். தங்கை மேல் உயிர். அவர் வந்து பார்த்துவிட்டு ஒரே தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: இவரைக் கருவேப்பிலங்குறிச்சியில் அவருடைய அண்ணன் வீட்டிலேயே விட்டுவிடு, நீ என்னோடு வந்துவிடு. குழந்தையும் இல்லை. யாரென்றே தெரியாத ஆளுக்கு எத்தனை காலம் சமைத்துப் போடுவாய்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியோடு வருகிறேன், பதில் சொல்லு என்று கெடு வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அந்த எபிசோடு வந்தது.

டிரைவர் திரும்பி வந்துவிட்டான். கப்பல்காரர்கள் எங்கேயோ மிதந்த குட்டிப் படகைக் கண்டுபிடித்து இழுத்து வருகிறார்கள். உள்ளே அவன் உயிரோடு, போனபோது இருந்த அதே முகத்தோடு. கப்பலே ஆடுகிறது, பாடுகிறது. பார்த்தால் அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. மிஷின் வைத்துப் பார்க்கிறார்கள். எலும்பும் ரத்தமும் அவனுடையதுதான். டாக்டரம்மா அவனைத் தன் அறை வாசல் வரைக்கும் அழைத்துப் போகிறாள். கல்யாணத்தன்று பாடிய பாட்டைப் பாடிக் காட்டுகிறாள். அவன், “நன்றாகப் பாடுகிறீர்கள்” என்கிறான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுகிறாள். அவ்வளவுதான், எபிசோடு முடிந்தது.

நான் என் வீட்டுச் சமையல்கட்டில் நின்றபடி பார்த்தேன். முடிந்த பிறகும் போனைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது.

மறுநாள் பலகைக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் பார்த்துவிட்டாள் என்பது கண்ணிலேயே தெரிந்தது. நானும் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்கும் தெரிந்தது. கண்டக்டர் இன்னும் பார்த்திருக்கவில்லை. சட்டம் சட்டம்தான். இன்னொருத்தியாக இருந்தால் சட்டமாவது ஒன்றாவது என்று கையைப் பிடித்திருப்பேன். ஆனால் அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பொம்மையை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். எடுத்த பொம்மையையே சுரண்டிக்கொண்டிருந்தாள். கன்னம் மெலிந்து ஓட்டையாகப் போகிற அளவுக்கு வந்ததும் நான்தான் கையிலிருந்து வாங்கி, களிமண் கூழ்த் தொட்டியில் கரையப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்டக்டர் டீ கேனோடு வந்தார். சூளைப் பக்கம் கதகதவென்று இருந்தது. கோப்பைகள் பெஞ்சுக்கு வந்தன. அலமாரியில் அச்சுக்காரருடைய கோப்பை மட்டும், காது உடைந்தது, தூசியோடு நின்றது.

“ஆறிப்போச்சா?” என்று கேட்டார் சூளை அண்ணன். அதுதான் எங்களுக்கு மணி அடிப்பது.

“எனக்கு நேத்தே ஆறிப்போச்சு மாமா” என்றார் கண்டக்டர். “மில்லுகிட்ட கரும்பு டிராக்டரு குறுக்க நின்னு போச்சு. பஸ்ஸு நின்ன நேரத்துல முழுசா பாத்துட்டன். பக்கத்து சீட்டு அம்மா எட்டி எட்டிப் பாத்துட்டு, ‘பாவம், இவ்ளோ தூரம் வந்திருக்குது, அந்தப் புள்ளைக்கு யாராச்சும் சோறு போட்டாங்களா’ன்னு என்னக் கேக்குது.”

“அந்தம்மா கேட்டது இருக்கட்டும்” என்றார் சூளை அண்ணன். “நான் சொல்றன், டாக்டரம்மா பண்ணதுதான் சரி. அது டிரைவரு இல்ல.”

“அப்ப யாரு, ஒங்க பெரியப்பா மவனா? மிஷினு வெச்சுப் பாத்தாங்களா இல்லியா?”

“மிஷினு அச்சத்தான்டா மாப்ள பாக்கும். ஒரே அச்சுல ஊத்துன ரெண்டு பொம்ம ஒண்ணாயிடுமா?”

“ரெண்டு பொம்ம எங்க மாமா இருக்குது? ஒரே பொம்ம. காணாமப் போயிக் கெடச்சிருக்குது.”

“கெடச்சுது. உள்ள ஒண்ணும் இல்லாம கெடச்சுது.”

“ஒங்க பொம்ம எல்லாமே உள்ள வெறுங்கூடுதான? கூழ ஊத்தறீங்க, அப்பறம் வடிச்சிடறீங்க. அத மட்டும் கொலுவுல வெச்சி சுண்டல் குடுக்கறம்.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்த உடனே அவள் பக்கம் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கட்டை விரல் நகத்தால் கோப்பையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், நேற்றுப் பொம்மையைச் சுரண்டினது போல.

சூளை அண்ணனுக்குச் சூடு ஏறிவிட்டது. “ஏன்டா, நாம தட்டிப் பாக்கறமா இல்லியா? சத்தம் வரணும். அந்தம்மாவும் தட்டித்தான பாத்துச்சு? கல்யாணப் பாட்ட பாடுச்சு. அவன் என்னா சொன்னான், ‘நல்லா பாடறீங்க’ன்னான். பொண்டாட்டியப் பாத்து பாடறீங்களாம். மொத்துன்னு ஆயிடுச்சு எனக்கு. சத்தம் வராதத என்னா பண்ணுவம்? கவுத்துடுவம். அதுமேல பாவம் பாத்தா கடைக்காரன் லோடையே திருப்பிடுவான்.”

“நீங்க குடிக்கற கோப்பையே கவுத்துப் போட்டதுதான மாமா.”

“டீ குடிக்க ஆவும். சந்தைக்கு ஆவுமா?”

பேச்சை வேறு பக்கம் இழுக்கலாம் என்று, மேஸ்திரி அம்மா அன்றைக்குப் போட்டிருந்த சட்டையைப் பற்றி ஏதோ சொன்னேன். கண்டக்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அக்காவுக்கு இன்னும் ஆறல போலிருக்குது” என்றார்.

அப்போது அவள் வாயைத் திறந்தாள். “டாக்டரம்மா கதவ சாத்தறப்ப அவரு என்னா பண்ணாரு, பாத்தீங்களா?”

யாரும் கவனித்திருக்கவில்லை.

“நகந்து நின்னாரு. கதவு மேல பட்டுடக் கூடாதுன்னு இல்ல, சாத்தறவங்களுக்கு எடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு. மூஞ்சில கோவமே இல்ல.”

“அதத்தான் தங்கச்சி நானும் சொல்றன்” என்றார் சூளை அண்ணன் உற்சாகமாக. “புருஷனா இருந்தா கோவம் வந்திருக்கும். கதவ ஒதைச்சிருப்பான்.”

“ஆமாண்ணே” என்றாள் அவள். “ஒதைச்சிருப்பாரு.”

பேச்சு வளர்ந்தது. டாக்டரம்மாவுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்கலாமா என்கிற வரைக்கும் போனது. பழைய சீசனில் அவள் அழுததற்கு என்ன மரியாதை என்று ஒருத்தர், அழுதது இவனுக்காகத்தானே என்று இன்னொருத்தர். கடைசியில் சூளை அண்ணன் பெஞ்சைத் தட்டினார். “ஓட்டு. டிரைவர உள்ள வுடலாமா, வேணாமா?” மடக்கென்று டீயைக் குடித்துத் தன் கோப்பையைக் கவிழ்த்தார்.

கண்டக்டர் தன் கோப்பையை நிமிர்த்தி வைத்தார். “எல்லாரும் அவனப் பத்தி பேசறீங்க. ஏறுன ஆள, எங்க எறங்கணும்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? அந்த மேஸ்திரி அம்மா கேட்டுதா? என் பஸ்ஸுல இப்புடி நடந்தா என்ன சஸ்பெண்டு பண்ணிடுவாங்க.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சூளை அண்ணன்கூடச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்தாள், முந்தானையால் உதட்டைத் துடைத்தாள், கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். சத்தம் வராமல், சுடாத பச்சைப் பொம்மையை வைப்பது போல மெதுவாக.

“அப்புடிப் போடு தங்கச்சி” என்றார் சூளை அண்ணன். “ரெண்டுக்கு ஒண்ணு. அக்கா, நீங்க?”

என் கோப்பையில் டீ இருந்தது. நான் எப்போதும் மெதுவாகக் குடிக்கிறவள். அதற்காகவே கிண்டல் செய்வார்கள். அன்றைக்கு அதில் ஆடை கட்டி, குளிர்ந்துபோகும் வரை கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். எனக்காகக் காத்திருந்து சலித்துப்போய் கண்டக்டர் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். சூளை அண்ணனுக்கு டிராலி தள்ளுகிற நேரம் வந்துவிட்டது. அந்த ஓட்டு முடியவே இல்லை.

திரும்பி நடந்து வரும்போது பாலக்கரைப் பக்கம் நெரிசலாக இருந்தது. ஒரு கடை நிழலில் ஒதுங்கி நின்றோம். “ஏன் கவுத்த?” என்று கேட்டேன்.

“சும்மா கவுத்துப் பாத்தன்கா. கை நடுங்குதான்னு பாக்கலாம்னு.” பஸ் ஒன்று கடந்து போகும்வரை நின்றாள். “நடுங்கல. அதான் பயமா இருக்குது.”

வாய்க்கு வந்த சமாதானம் எதுவும் அவளுக்கு முன்னால் நிற்காது போலத் தோன்றியது. சாயங்காலம் தன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கச் சொன்னாள். “நீங்க ஒண்ணும் பேச வேணாம். நம்ம பக்கம் ஒரு ஆள் இருந்தா போதும்.”

போனேன். அவளுடைய அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் வண்டி நின்றது. உள்ளறையில் எங்கள் கப்பல் பேசிக்கொண்டிருந்தது; பழைய சீசன் என்பது இசையிலேயே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அச்சுக்காரர் எழுந்து வெளியே வந்து கும்பிட்டார். பிறகு எனக்கு நாற்காலி இல்லை என்று கண்டு, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எடுத்துவந்து போட்டார்.

“பாருங்க, இதுல என்னா கொறச்சல்?” என்றார் அண்ணன் என்னிடம். “தங்கமான மனுஷன். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இது எந்தங்கச்சி புருஷன் இல்ல. ஏம்மா, அப்பன் கட்டுன வூட்டையே வுட்டுட்டு வந்தம் நாங்க. ஜன்னல கழட்டிட்டுப் போவச் சொன்னாங்க, கழட்டிட்டு வந்தம். வேற எடத்துல மாட்டி, இப்ப அதுவழியா பாத்துகினுதான் இருக்கறம். நீ ஒரு ஆள வுட்டுட்டு வர முடியாதா?”

கெட்ட மனுஷராக இருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். அவருக்கு நிஜமாகவே வலித்தது.

அவள் அண்ணன் பக்கம் திரும்பாமல் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

“இவரு எங்கண்ணன். உங்கள கருவேப்பிலங்குறிச்சியில வுட்டுட்டு, என்ன கூட்டிட்டுப் போலாம்னு வந்திருக்காரு. அங்க உங்க அண்ணன் நல்லா பாத்துக்குவாரு. நான் சொல்றதுக்கு முன்னாடி உங்கள கேக்கறன். உங்களுக்கு எங்க இருக்கணும்?”

அவர் கொஞ்சம் திகைத்துப்போனார். வந்ததிலிருந்து அவரை யாரும் எதையும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாத்திரை கேட்டுக் கொடுப்பதில்லை, படுக்கை கேட்டுப் போடுவதில்லை. எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். உள்ளறைப் பக்கமும் பார்த்தார்.

“உங்களுக்கு சிரமம் இல்லன்னா” என்றார் அவளிடம், “இன்னும் கொஞ்ச நாளு இங்கயே இருக்கட்டுங்களா? அந்தக் கப்பல் கத பாதியில நிக்குது.”

அண்ணன் எழுந்தார். “கதைக்காகவா?” என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அவளைப் பார்த்து, “இதுக்கு என்னாம்மா சொல்ற?” என்றார்.

“பாதியில எப்புடிண்ணா நிறுத்தறது” என்றாள் அவள்.

வண்டி போய்விட்டது. வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தவள், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். சந்தோஷமாக இருந்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. “விருந்தாளிய எவ்ளோ நாளுக்கா வெச்சிருக்கறது?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். உட்காருங்க என்று அவள் கையைக் காட்டினாள். அண்ணன் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. இவள் செய்தாலும் எடுப்பதில்லை.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு அவரையும் அழைத்து வந்தாள். வாசலிலேயே எல்லாரிடமும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்: இவருக்கு யாரையும் தெரியாது, உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது, நான் இவ்வளவு நாளும் சொல்லவில்லை.

சூளை அண்ணன் கையில் இருந்த இரும்புக் கொக்கி அப்படியே நின்றது. “உக்காரு மாப்ள” என்றார், பழக்கத்தில். அச்சுக்காரர் நின்றபடியே, “நீங்க உக்காருங்க, பெரியவங்க” என்றார். மாமா, மாமா என்று இவருடைய பீடிக்கட்டைத் திருடி ஒளித்து வைத்து விளையாடுகிறவர். சூளை அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. போன வாரம் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குத் திரும்பி வருவது வெளியிலிருந்தே தெரிந்தது. டிராலியைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போனவர், வருவதற்கு நேரமாயிற்று. வந்து அவள் பக்கத்தில் நின்று, “தங்கச்சி, வர்ணம் சரியா ஏறலன்னா மறுபடி பூசி ரெண்டாந்தரம் சூளைக்கு அனுப்பறதும் உண்டு. அன்னிக்கு நான் அத சொல்லல” என்றார்.

“வுடுங்கண்ணே. நீங்க டிரைவரத்தான சொன்னீங்க” என்றாள். அவள் அதை முழு மனதோடு சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கண்டக்டர் அலமாரியிலிருந்து காது உடைந்த கோப்பையை எடுத்துக் கழுவி, டீ ஊற்றிக் கொடுத்தார். “இது ஒங்களுது” என்றார். அச்சுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒடிந்த இடத்தைத் தவிர்த்துப் பிடிக்கப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமையும் புது எபிசோடு வந்திருந்தது. டாக்டரம்மா கதவைத் திறந்தாளா, டிரைவரை மேஸ்திரி அம்மா என்ன செய்தாள் என்பதெல்லாம் எங்கள் நாலு பேருக்கும் தெரியும். நாலு பேரும் பார்த்தாயிற்று. கண்டக்டருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வழக்கம்போல, “ஆறிப்போச்சா?” என்று கேட்டும்விட்டார்.

“இவரு இன்னும் ரெண்டாவது சீசன்ல இருக்காரு” என்றாள் அவள்.

எல்லாரும் கோப்பையைப் பார்த்தோம். கடைசி ஆள் பார்த்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட நாங்கள் அதை மீறியதில்லை. ரெண்டாவது சீசனில் இருக்கிறவர் இந்த வாரத்துக்கு வந்து சேர இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

“ரெண்டாவது சீசன்ல என்னா?” என்றார் சூளை அண்ணன் கடைசியில். “அந்த ஐஸு கிரகமா?”

“ஆமாங்க” என்றார் அச்சுக்காரர். முகம் மலர்ந்துவிட்டது. “அந்த டிரைவரு என்னமா ஓட்டறாரு. ஆனா வாய் ரொம்ப ஜாஸ்திங்க அவருக்கு. அந்த டாக்டரம்மாவ எப்ப பாரு வம்புக்கு இழுக்கறாரு. எனக்கு அவர அவ்வளவா புடிக்கல.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் முன்னால் சாய்ந்து கேட்டார்: “அவரு கடைசி வரைக்கும் இருக்காருங்களா?”

சூளைக்குள் டிராலி நகர்கிற சத்தம் கேட்டது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் சூளை அண்ணனைப் பார்த்தேன். சூளை அண்ணன் அவளைப் பார்த்தார்.

அவள் கேனைச் சாய்த்து அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

“பாருங்க” என்றாள். “பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”